ஒரேஸ்தே கடையில் தமிழ் பேசியவர்கள்

1969ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாண்ட்ரியல் நகரத்தின் ழான்-தலோன் சந்தைக்குப் பின்புறம் காபிக்கடை வைத்திருந்த ஒரேஸ்தே என்ற இத்தாலியர், தன் கடையில் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சுத்தமான திருச்சித் தமிழில், "டிகாஷன் இன்னும் கொஞ்சம் திக்கா எறங்கியிருக்கலாம்" என்றார். தமிழ் என்று ஒரு மொழி இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது. இந்தியாவைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அங்கே யானை உண்டு என்பதுதான். கடைக்குள் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேரும் முதலாளிக்கு ஜலதோஷம் பிடித்து நாக்குத் தடித்துவிட்டது என்று நினைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தது. சந்தையில் காலிஃபிளவர் விலை ஏறியிருந்தது. அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் இல்லை.

அந்தக் காபியைப் போட்டவர் ஒரேஸ்தே அல்ல, டாக்டர் வசுமதி. திருச்சி உறையூர்க்காரர். 1967ல் உலகப் பொருட்காட்சி நடந்த கோடையில் மாண்ட்ரியலுக்கு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. ஊர் முழுக்க மனிதர்களைத் தூங்க வைப்பது அவர் உத்தியோகம், ஆனால் தான் விழித்திருப்பதற்கு அவருக்கு நல்ல காபி வேண்டும், அது எங்கேயும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் காபியைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் அபிப்பிராயம் சொன்னார்: நோயாளிக்கு அதைக் கொடுத்தால் தன் வேலை மிச்சமாகும் என்று. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பேட்டையில் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சண்முகவேல், அனுசூயா என்ற தம்பதி இருந்தார்கள். சண்முகவேல் சென்னைக்காரர், மெட்ரோ ரயில் பாதை போட்ட கம்பெனியில் இன்ஜினியர். அனுசூயாவுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். கல்யாணமான புதிதில் அவருடைய கொங்குத் தமிழை, முக்கியமாக வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் 'ங்க'வை, சண்முகவேல் விளையாட்டாகக் கேலி செய்தார். விளையாட்டாகவே அனுசூயா அதை நிறுத்திவிட்டார். பிறகு அவர் பேசியது ரேடியோவில் செய்தி வாசிப்பது போன்ற ஒரு தமிழ், ஊர் பேர் இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூவரும் சண்முகவேலின் காரில் ஏறிக்கொண்டு காபி தேடிப் போவார்கள். இதில் அவர்கள் காட்டிய ஒழுங்கை வேறு எதில் காட்டியிருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். கிரேக்கர்களின் சாப்பாட்டுக் கடைகளில் குடித்தார்கள், ரயிலடி ஹோட்டலில் வெள்ளிக் கெண்டியில் குடித்தார்கள், பாலம் தாண்டி லவாலுக்குப் போய் அங்கே புதிதாகத் திறந்த அங்காடியில், கோப்பை காலியாகுமுன் ஒரு பெண் ஓடிவந்து நிரப்பிய காபியையும் குடித்தார்கள். "கேட்காமலே ஊற்றுகிறார்கள் என்றால் அது நல்ல காபியாக இருக்க முடியாது" என்றார் அனுசூயா, அது பிற்பாடு அவர்களுக்குள் ஒரு விதியாகவே ஆனது. ஒரு கோடையில் யாரோ சொன்னார்கள் என்று படகில் காரை ஏற்றிக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போனார்கள். அங்கே காபிக்கடையே இல்லை. ஒரு வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவர் இரக்கப்பட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அதுவரை தேடிக் குடித்ததிலேயே அதுதான் சுமார் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரேஸ்தேயின் கடையை அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த பிப்ரவரி ஞாயிறு கார் பனியில் வழுக்கி, பாதி வட்டம் சுற்றி, கடை வாசலில் போய் முட்டாமல் நின்றது. பெயர்ப்பலகையில் 'காபி' என்று மட்டும் போட்டிருந்தது, ஒரேஸ்தேக்குப் பெயர் எதுவும் தோன்றவில்லையாம். அது ஆண்கள் மட்டுமே வந்து போகும் கடை. கோட்டுக்கு அடியில் மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவை தெரிய வசுமதி உள்ளே நுழைந்ததும் சீட்டுகள் அந்தரத்தில் நின்றன. ஒரேஸ்தே சின்னக் கோப்பையில் கொடுத்த கறுப்புக் காபியை வசுமதி முகர்ந்து பார்த்தார், குடிக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக அவருடைய மூக்கு ஒரு காபியை மதித்தது. உடனே கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பக்கத்து மளிகைக்கடையில் ஒரு பிரெஞ்சுக் கிழவி, யுத்த காலத்துப் பழக்கத்தை விடாமல், வறுத்த சிக்கரிப் பொடி விற்றாள். சண்முகவேலை அனுப்பி அதை வாங்கிவரச் செய்து, காபிப்பொடியோடு கலந்து மெஷினில் அழுத்தி, கைப்பிடியை ஒரேயடியாக இழுக்காமல் மெதுவாக இறக்கி, டிகாஷனைச் சொட்டுச் சொட்டாக வாங்கினார். பாலை ஆவியில் நுரைக்க விடாமல் அடுப்பில் வைத்துப் பொங்கக் காய்ச்சினார். இரண்டு அலுமினியக் குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றினார். ஒரேஸ்தே தன் மெஷினை ஒரு பெண் தொட்டதைத் தடுக்க வாயெடுத்தவர், வாசனை வந்ததும் வாயை அப்படியே திறந்தபடி வைத்திருந்தார். அந்த வாயில்தான் முதல் மிடறு போனது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் அந்தக் காபியைக் குடித்தவர்கள் எல்லோரும், ருசி நாக்கில் இருக்கும்வரை தமிழ் பேசினார்கள். சண்முகவேல் இன்ஜினியர் ஆனபடியால் அதை முறையாக ஆராய்ந்தார். பிஸ்கட் கடித்தால் தமிழ் சீக்கிரம் போய்விடும், வெந்நீர் குடித்தால் நடு வாக்கியத்தில் அறுந்துவிடும், ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு வரவே வராது என்பவை அவர் முடிவுகள். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. அவருக்கே ஒரு பாதிப்பு இருந்தது. பேச்சில் பாதிக்குப் பாதி இங்கிலீஷ் கலப்பவர், அந்தக் காபி குடித்தால் இங்கிலீஷ் வார்த்தை கிடைக்காமல் திணறி, 'சுரங்க ரயில்', 'வேலை நேர மேற்பார்வையாளர்' என்றெல்லாம் சொன்னார். அனுசூயா அவரைக் குடிக்க வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ரசிப்பார். அனுசூயாவின் ரேடியோத் தமிழ் அதற்கு அசையவில்லை. வசுமதியையும் அது ஒன்றும் செய்யவில்லை, அது அவருடைய நாக்கிலிருந்து போனதுதானே.

யாருக்கு எந்த ஊர்த் தமிழ் வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது. தபால்காரருக்குத் திருநெல்வேலித் தமிழ் வந்தது. சந்தையில் மீன் விற்றவருக்கு மாம்பலத்து அக்ரகாரத் தமிழ் வந்து, 'நன்னா அலம்பித் தரேன்' என்று சொல்லிச் சொல்லி மீன் விற்றார். ரோந்து வரும் தடித்த போலீஸ்காரர் காபியைக் குடித்துவிட்டு, "ஓம், இங்கை பிரச்சினை ஒண்டும் இல்லை. பேந்து வாறன்" என்று தொப்பியை மாட்டினார். அது மலையாளம் என்று சண்முகவேல் அடித்துச் சொன்னார். ஐந்து வருடம் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். 1974ல் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த பாலகிருஷ்ணன் என்ற மாணவர் தற்செயலாகக் கடைக்குள் வந்து, போலீஸ்காரர் பேசியதைக் கேட்டு, கண் கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். அதற்குள் ருசி போய்விட்டபடியால் போலீஸ்காரர் பிரெஞ்சில், "வெர்தன்" என்றார். அது மாண்ட்ரியலில் ஆற்றோரத்துப் பேட்டை ஒன்றின் பெயர். பாலகிருஷ்ணன் அது யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கே இருக்கிறது என்று வெகு நாள் யோசித்தார்.

1970ன் இலையுதிர் காலத்தில், பிரெஞ்சுக்காரருக்குத் தனி நாடு கேட்டவர்கள் ஒரு மந்திரியைக் கடத்தியதால் நகரத்தில் ராணுவம் இறங்கி, பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நடந்தபோது, அந்தக் கடையில் மட்டும் இரு தரப்பாரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அரசியல் பேசினார்கள். சண்டை வரவில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. எதிராளி என்ன செய்யப் போகிறார், வெட்டப் போகிறாரா விட்டுவிடப் போகிறாரா என்பது வாக்கியம் முடியும்வரை தெரியாததால், கோபப்பட வேண்டியவர் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்ததில் பலருக்குக் கோபம் ஆறிப் போயிற்று. ஆறாதவர்கள் இன்னொரு காபி கேட்டார்கள்.

வசுமதி ஞாயிறு தவறாமல் வந்தார், பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களிலும் மெட்ரோ பிடித்து வரத் தொடங்கினார். காபி போடும் பக்குவத்தை ஒரேஸ்தே ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டார். வசுமதி கதவைத் திறந்ததும் ஒரேஸ்தே முதலில் தான் ஒரு வாய் குடித்துக்கொள்வார், பிறகுதான் பேச்சு. அது இல்லாதபோது இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு, அதில் பால், பனி, நன்றி என்பதற்கு மேல் போக முடியாது. தமிழில் அவர்கள் எல்லாம் பேசினார்கள். ஒரேஸ்தேயின் ஊர் தெற்கு இத்தாலியில் காம்போபாஸ்ஸோ பக்கத்து மலைக் கிராமம். கூட வந்த மனைவி முதல் குளிர்காலத்திலேயே நிமோனியாவில் போய்விட்டார். சீட்டாடும் நான்கு பேரும் அதே கிராமத்துக்காரர்கள்தான், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மயங்கிப் போகுமுன் மனிதர்கள் கடைசியாக என்ன சொல்வார்கள் என்று ஒரேஸ்தே ஒரு நாள் கேட்டார். "பத்துலேருந்து பின்னாடி எண்ணச் சொல்லுவோம். முக்காவாசிப் பேரு ஏழைத் தாண்ட மாட்டாங்க" என்றார் வசுமதி. "ஏழுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாதா? பாவங்க" என்றார் ஒரேஸ்தே. வசுமதி அன்று மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நாலு ஸ்டேஷன் தள்ளி இறங்கினார்.

1973 அக்டோபரில் ஒரேஸ்தே கேட்டுவிட்டார். கோப்பையைத் துடைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். "டாக்டரம்மா, நீங்க வராத நாள்ல கடையத் தொறக்கவே பிடிக்க மாட்டேங்குது. இப்படி வந்து வந்து போறதுக்கு, இங்கயே இருந்துட்டா என்ன?"

வசுமதி தன் கோப்பையைக் கல்லாவில் வைத்தார். பிறகு, "இது நீங்க பேசுறீங்களா, காபி பேசுதா?" என்றார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டும் ஒரே வாய்லதானே வருது."

"அப்ப நாளைக்குக் காபி குடிக்காம சொல்லுங்க."

மறுநாள் வசுமதி வந்தபோது ஒரேஸ்தே முகம் மழித்து, கழுத்தில் டை கட்டி, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு கல்லாவுக்கு முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். பிரெஞ்சும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. சொந்த ஊர்ப் பாஷையில் சொன்னால் வசுமதிக்குப் புரியாது, சீட்டாடும் நாலு பேருக்கும் புரிந்துவிடும் என்பதால் அதையும் விழுங்கினார். இரண்டு கைகளும் நடுங்கின. மெஷின் உஸ்ஸென்று ஆவி விட்டது. வசுமதி கழற்றத் தொடங்கியிருந்த கோட்டின் பொத்தான்களை மறுபடியும் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாலு வருடத்துக்கு மேல் அந்தக் கதவை அவர் திறக்கவில்லை.

அந்த வருடங்களில் வசுமதி மறுபடியும் காபி தேடினார், இந்தத் தடவை தனியாக. நகரத்தில் காபிக்கடைகள் பெருகிவிட்டிருந்தன. ஒலிம்பிக் விளையாட்டுக்காக மூலைக்கு மூலை திறந்தார்கள். குவியலாக நுரை வைத்துக் கொடுத்தார்கள், பட்டைப்பொடி தூவிக் கொடுத்தார்கள், ஒரு கடையில் மேலே செர்ரிப் பழம்கூட வைத்தார்கள். வசுமதி எல்லாவற்றையும் குடித்து, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய நோயாளிகள் ஏழைத் தாண்டி ஐந்துவரை எண்ணத் தொடங்கினார்கள், காரணம் யாருக்கும் தெரியவில்லை. திருச்சியிலிருந்து அண்ணன் தண்டபாணி, தில்லைநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பதவி காத்திருக்கிறது, கூடவே மனைவியை இழந்த ஒரு வக்கீலும் காத்திருக்கிறார் என்று இரண்டு தடவை டிரங்கால் போட்டுச் சொன்னார். 1978 தொடக்கத்தில், வரும் மே மாதம் ஊருக்கே திரும்பிவிடுவதாக வசுமதி ஒத்துக்கொண்டார். பெட்டி வாங்கினார். பனிக் காலணிகளை அனுசூயாவிடம் கொடுத்துவிட்டார், அளவு சேராது என்று தெரிந்தும்.

இதற்கிடையில் 1977ல் மாகாணத்தில் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தது. கடைகளில் பிரெஞ்சில் கேட்பவருக்குப் பிரெஞ்சில் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒரேஸ்தே கடையில் உட்கார்ந்தால் கூடியிருப்பவர்கள் ஏதோ ஒரு பாஷை பேசுகிறார்கள், கடைசியில் நானும் பேசிவிட்டேன் என்று ஒருவர் புகார் செய்தார். அடுத்த பிப்ரவரியில் மத்மசேல், அதாவது செல்வி, லாபெர்ஜ் என்ற மொழிச் சட்ட ஆய்வாளர் வந்தார். ரிமூஸ்கி என்ற கடற்கரை ஊர்க்காரர், ஐம்பது வயது, இரும்புக் கம்பி போல நிமிர்ந்த முதுகு. கடையை மூட வேண்டியிருக்கும் என்று சந்தை முழுக்கப் பேச்சு. தன் பிரெஞ்சை நம்பாத ஒரேஸ்தே, துணைக்குச் சண்முகவேலையும் அனுசூயாவையும் வரச் சொல்லியிருந்தார்.

மத்மசேல் லாபெர்ஜ் முதலில் சாட்சியத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று காபியைக் கேட்டு வாங்கி, ஒரு மிடறு குடித்தார். கோப்பையை வைத்தார். பிறகு கண்டிப்பான முகத்தோடு, "ஏனுங்க, இந்தப் பலகைல பிரெஞ்சு இன்னும் பெருசா இருக்கோணுமுங்க" என்றார். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு, "அட, இது என்னுங்க இப்படி வருது? நான் ஆபீசுல போய் என்னத்தச் சொல்றதுங்க?" என்றார். எவ்வளவு கண்டிப்பாகப் பேச முயன்றாரோ அவ்வளவு 'ங்க' சேர்ந்துகொண்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த அனுசூயா எழுந்தார். "ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?" என்றார். பத்து வருடத்துக்கு மேல் பூட்டிவைத்திருந்த தமிழ், கதவு திறந்ததும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வெளியே வந்தது. ரிமூஸ்கியில் குளிர் எப்படி, தண்ணி எப்படி, அண்ணன் தம்பி எத்தனை பேர், பண்ணையத்தில் மாடு உண்டா என்று அனுசூயா கேட்டுக்கொண்டே போனார். ஆய்வாளரும் கடமையை மறந்து, தன் தகப்பனார் வைத்திருந்த பசுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுசூயா அழுதார், சிரித்தார். சண்முகவேல் தன் மனைவியை யாரோ புது மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு அவர், "நீ அப்படியே பேசு. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார். "தெரியுமுங்க" என்றார் அனுசூயா.

ருசி போனதும் மத்மசேல் லாபெர்ஜ் தன் பிரெஞ்சுக்குத் திரும்பினார், கோபப்படவில்லை. ஆனால் நியாயத்தைச் சொன்னார்: எந்தப் பாஷையும் எனக்கு விரோதமில்லை, ஆனால் பிரெஞ்சோடு உள்ளே வந்த ஒரு பிரஜையால் முக்கால் மணி நேரம் பிரெஞ்சு பேச முடியவில்லை. குடித்தவருடைய பாஷையைத் தொடாத ஒரு காபியும் இந்தக் கடையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மறுபடியும் வருவேன்.

ஒரேஸ்தே யோசித்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கடைக்கு மெஷின் காபி, பிறகு டாக்டரம்மா காபி. தன் அம்மா போடும் விதத்தில், அடுப்பில் சின்னக் கெண்டி வைத்துக் கறுக்கக் காய்ச்சும் காபியை மனைவி இறந்த பிறகு அவர் போட்டதேயில்லை. அதைப் போடுவது என்று முடிவு செய்தார். அனுசூயாவும் தன் பங்குக்கு ஒரு முடிவு செய்து, சனிக்கிழமை காலை வசுமதிக்கு ஃபோன் செய்தார்.

"அந்தக் கடையில ஒருத்தருக்கு ஒடம்பு ரொம்ப மோசமுங்க டாக்டர். பையை எடுத்துக்கிட்டு ஒடனே வாங்க."

"யாருக்கு? என்ன பண்ணுது?"

"வந்து பாருங்க. ஃபோன்ல சொல்ற வியாதி இல்லீங்க."

வசுமதி டாக்ஸியில் வந்து, மருந்துப் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கடையில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். சீட்டாடும் நால்வர், ஆய்வாளர், சண்முகவேல் தம்பதி, அடுப்புக்கு முன்னால் ஒரேஸ்தே. "நோயாளி எங்கே?" என்றார் வசுமதி. அனுசூயா முகவாயால் ஒரேஸ்தேயைக் காட்டினார். "நாலு வருஷத்து நோயுங்க." வசுமதி திரும்பிப் போயிருப்பார், ஆனால் அதே சமயம் கெண்டி கொதித்து, அதுவரை அந்தக் கடையில் இல்லாத ஒரு வாசனை எழுந்தது. ஒரேஸ்தே அதைச் சின்னக் கோப்பையில் ஊற்றி ஆய்வாளர் முன் வைத்தார். ஒரு தடவை பட்டவராதலால் மத்மசேல் லாபெர்ஜ், வேறு யாராவது முதலில் குடித்துக் காட்டினால்தான் தொடுவேன் என்றார். டாக்டர் குடிப்பதே முறை என்று சண்முகவேல் சொன்னார். எல்லோரும் வசுமதியைப் பார்த்தார்கள். வசுமதி எரிச்சலோடு கோப்பையை எடுத்து, நின்றபடியே ஒரே மிடறில் விழுங்கினார்.

பிறகு அவர் பேசினார். காம்போபாஸ்ஸோ மலைக் கிராமத்துக் கொச்சையில், அந்த ஊர்க் கிழவிகள் கிணற்றடியில் பேசும் ஏற்ற இறக்கத்தோடு பேசினார். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். வசுமதி சொன்னதை அவர்களில் ஒருவர் பிற்பாடு சண்முகவேலுக்கு விளக்கினார்: நாலு வருடமாக எந்தக் கடையில் குடித்தாலும் சூடு மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. இந்த மனுஷர் காபி குடிக்காமல் நின்ற அன்று இவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். மயக்க மருந்து கொடுப்பவளுக்குக் கை நடுக்கத்தின் அர்த்தம் தெரியாதா? அதுதான் பதில் என்று தெரிந்தேதான் போனேன். தமிழில் நான் சரி என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் அண்ணன், அண்ணி, ஊர், சாதி, என் வயது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்தப் பாஷையில் எனக்கு யாரையும் தெரியாது. அதனால் இதில் சொல்கிறேன். சரி.

இந்தப் பாஷையில் நாலு பேருக்கு எல்லாம் புரியும் என்பது வசுமதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நால்வரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஒரேஸ்தே அன்று ஒரு சொட்டுக் காபியும் குடித்திருக்கவில்லை. தன் சொந்த ஊர்ப் பாஷையில், கொஞ்சமும் நடுங்காமல் பதில் சொன்னார். "கோட்டைக் கழற்றுங்கள்" என்பதுதான் அது.

சட்டப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. கடையில் இப்போது இரண்டு காபி இருந்தது, இரண்டிலும் பிரெஞ்சு இல்லை. மத்மசேல் லாபெர்ஜ் பெருமூச்சு விட்டு, கைப்பையை மேஜையில் வைத்து, சட்டையின் கையை மடித்துக்கொண்டு தானே கல்லாவுக்குள் போனார். ரிமூஸ்கியில் தன் தாயார் போட்ட மாதிரி, பெரிய கிண்ணத்தில் பாதிக்குப் பாதி சுடுபால் ஊற்றிக் காபி கலந்து, போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். போலீஸ்காரர் அதைக் குடித்துவிட்டுத் தன் பிரெஞ்சிலேயே நன்றாயிருக்கிறது என்றார். அப்போது கடைக்கு வந்து சேர்ந்த பாலகிருஷ்ணனும் குடித்துவிட்டு, ஒரு சொல்லும் கற்காத பிரெஞ்சில், இதற்கு முன் எங்கே ஒளிந்திருந்தது இந்தக் காபி என்று கேட்டார். கடை சட்டப்படி சரி என்று முடிவானது. பலகையில் பிரெஞ்சு எழுத்தைப் பெரிதாக்கினார்கள். மத்மசேல் லாபெர்ஜ் அதன் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார், கிண்ணக் காபி குடிக்க அல்ல. அனுசூயாவோடு உட்கார்ந்து, ஊர்க்கதை பேச.

திருச்சிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. டிரங்கால் போட்டார்கள். ஒரேஸ்தே ஒரு குவளை நிறைய டாக்டரம்மா காபி குடித்துவிட்டு ஃபோனை வாங்கி, மரியாதை குறையாமல் பேசினார். மாப்பிள்ளை குரல் தண்டபாணிக்குப் பிடித்துவிட்டது. வெளிநாட்டில் இருந்தும் தமிழ் கெடாமல் இருக்கிறதே என்று மெச்சினார்.

"சொந்த ஊர் எதுங்க?"

"காம்போபாஸ்ஸோ பக்கங்க."

தண்டபாணி யோசித்தார். "அது மணப்பாறை தாண்டியா?"

"ஆமாங்க. கொஞ்சம் தாண்டி."

ருசி போகும் முன் வசுமதி ஃபோனை வாங்கி வைத்துவிட்டார். அடுத்த வருடம் தண்டபாணி நேரில் வந்தபோது விமான நிலையத்திலேயே அவர் கையில் ஒரு பிளாஸ்க் காபியைக் கொடுத்தார்கள். எந்தக் காபி என்று சொல்லவில்லை. கார் கடைக்கு வந்து சேருவதற்குள் அவர் காம்போபாஸ்ஸோக்காரர் போலக் கையை ஆட்டிப் பேசத் தொடங்கியிருந்தார், சீட்டாட்டத்தில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து, ஊருக்குத் திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை.

வசுமதியும் ஒரேஸ்தேயும் 1978 மே மாதம் நீதிமன்றத்தில் பதிவு செய்து, கடைக்கு மேலேயே குடித்தனம் வைத்தார்கள். காலையில் யார் முதலில் எழுந்து காபி போடுகிறாரோ அவருடைய பாஷையில் அன்றைய வீடு நடந்தது. கோடையில் பெரும்பாலும் தமிழ், குளிர்காலத்தில் வசுமதி தாமதமாக எழுந்ததால் இத்தாலியப் பாஷை. சண்டை வந்த நாட்களில் மட்டும் இருவரும் டீ குடித்தார்கள். அப்போது அவர்கள் எந்தப் பாஷையில் சண்டை போட்டார்கள் என்பதைக் கீழே கடையில் காது கொடுத்துக் கேட்ட யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நாட்களில் சமாதானம் மத்தியான சாப்பாட்டுக்குள் ஆகிவிடும்.